சாவி போட்டதுமே ஃபேன் சுற்றினால் சந்தோஷப்படாதீர்கள்

பழைய வண்டி வைத்துக்கொண்டு கடலூர் – பாண்டி ரோட்டில் போய்வருபவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

என்னுடையது 1998 மாருதி ஜென் கார், அப்பா ஓட்டிய வண்டி. போன மாதம் கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வரை சமர்த்தாக வந்தது. முருங்கப்பாக்கம் நெரிசலில் நின்றதும் ஹீட் முள் ஏற ஆரம்பித்தது. நகர்ந்தால் இறங்குகிறது, நின்றால் ஏறுகிறது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும், நின்றுவிட்டால் ஃபேன்தான் கதி. அது சுற்றவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

பாண்டியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பானெட்டைத் தூக்கிய வேகத்திலேயே, "மோட்டார் போச்சு சார், டெம்பரேச்சர் சுவிட்சும் போச்சு" என்றார் மெக்கானிக். இன்ஜின் சூடானதும் ஃபேனை ஓடவிட்டு, ஆறியதும் நிறுத்துவது அந்தச் சுவிட்ச்தான். மறுநாள் துண்டுச் சீட்டில் கணக்கு வந்தது. மோட்டார் 2,800, சுவிட்ச் 850, கூலன்ட் 600, கூலி 1,200, ஆக 5,450 ரூபாய். பழைய சாமானைக் கேட்டதற்கு, "ஸ்கிராப்ல போட்டாச்சு சார்."

சாவியைத் திருப்பியதுமே ஃபேன் விர்ரென்று சுற்றியது. காசு போனாலும் வேலை ஆச்சு என்று கிளம்பிவிட்டேன். ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போன இன்ஜினுக்கு ஃபேன் எதற்கு என்று அந்த நிமிஷம் தோன்றவே இல்லை.

பதினோராம் நாள் ரெட்டிச்சாவடி பக்கம் ஸ்டீயரிங்குக்குக் கீழே பிளாஸ்டிக் கருகும் நாற்றம். ஃபேனும் நின்றுபோனது. நின்று நின்று ஆறவைத்து, எப்படியோ கடலூர் முதுநகர் வந்து, ஒரு வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, டைரக்ட் குடுத்திருக்கான். ரிலேயும் இல்ல, சுவிட்சும் இல்ல."

ரிலே என்பது ஃபேனின் பெரிய கரண்டைத் தாங்கி ஆன் செய்யும் சின்னப் பெட்டி. அதை விட்டுவிட்டு, சுவிட்சுக்குப் போகும் ஒயரை வெட்டி டேப் சுற்றி, இக்னிஷனிலிருந்து மெல்லிசாக ஒரு ஒயரை நேராக மோட்டாருக்கு இழுத்திருக்கிறார்கள். ஃபேன் இழுக்கும் கரண்டுக்கு அது தாங்குமா? பழைய சுவிட்ச் துருவோடு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. புது மோட்டார் என்றார்களே, அதன் கனெக்டரில் அப்பா என்றைக்கோ பூசிய எம்-சீல் அப்படியே இருந்தது! கூலன்ட் பச்சையாக இருக்கும் என்பார்கள். என் வண்டியில் இருந்தது வெறும் பச்சைத்தண்ணி.

பெரியவர் பழைய சுவிட்சைக் கழற்றி, பக்கத்து டீக்கடை அடுப்பில் பெயின்ட் டப்பாவில் தண்ணீர் கொதிக்கவைத்து உள்ளே தொங்கவிட்டார். (டீ மாஸ்டர் தன் பாத்திரத்தைத் தர மாட்டேன் என்றுவிட்டார், நியாயம்தான்.) சுவிட்ச் ஆன் ஆனால் எரியும்படி மாட்டிய டெஸ்ட் லேம்ப் எரியவில்லை. புதியதைப் போட்டார். தண்ணீர் கொதி வரும் நேரத்தில் பல்பு எரிந்தது, ஆறியதும் அணைந்தது. இந்தச் சுவிட்சுகள் பெரும்பாலும் 90 டிகிரியை ஒட்டித்தான் ஆன் ஆகும், அதனால் வீட்டு அடுப்பே போதும். சுவிட்ச், புது ஒயர், ரிலே, நிஜமான கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 1,700 ரூபாய்.

அவர் சொல்லிக்கொடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஆறியிருக்கும்போது சுவிட்சின் கனெக்டரைப் பிடுங்கி, சாவி போட்டு, வரும் இரண்டு ஒயரையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே ஒயர் என்றால் இன்ஜின் பாடியில் தொடுங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டார், ஃபியூஸ், ரிலே எல்லாம் நலம், சுவிட்சுக்குத்தான் சீக்கு. சுற்றாவிட்டால் ஃபியூஸிலிருந்து தேடவேண்டும். ஹீட் முள்ளுக்கு இருக்கும் சென்சார் வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். வேலை முடிந்து வண்டி எடுக்கும்போது ஏசியை அணைத்து, இன்ஜின் ஆறியிருக்கச் சாவி போடுங்கள். அப்போதே ஃபேன் சுற்றினால் அங்கேயே நின்று கேளுங்கள்.

நான் பதினோரு நாள் கழித்துத்தான் அந்தப் பாண்டி மெக்கானிக்கிடம் போய்க் கேட்டேன். கருகிய ஒயரையும் எம்-சீலையும் போட்டோவில் காட்டினேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஃபேன் ஓடிச்சா இல்லியா சார்?"

கூலன்ட் காசு 600 மட்டும் திரும்பி வந்தது.