டில்லி–ஆக்ரா–ஜெய்ப்பூர் ஆறு நாள் பயணப் பொதி: காசு கட்டமுன் பார்க்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் விற்கும் இந்தப் பொதியில் பலாலி–சென்னை–டில்லி விமானம், தங்குமிடம், வான் எல்லாம் திருப்தி. பிழை நாள் அட்டவணையில்தான். தாஜ்மகால் வெள்ளிக்கிழமை பூட்டு, டில்லிச் செங்கோட்டை திங்கட்கிழமை பூட்டு. ஆக்ராவை வெள்ளியில் போட்டிருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கோ.

நுழைவுச்சீட்டு பொதிக்குள் அடங்காது. தாஜ்மகாலில் இலங்கையருக்குச் சார்க் நாட்டுக் கட்டணமான 540 இந்திய ரூபாதான், மற்ற வெளிநாட்டவருக்குரிய 1,100 அல்ல. கல்லறை மண்டபத்துக்கு மேலதிகமாக 200. மூலக் கடவுச்சீட்டு கையில் இருக்கவேணும். அறையில் வைத்துவிட்டு வந்தால் சலுகையைக் கேட்க ஆதாரம் இராது. அந்த 200 ரூபாவை மிச்சம் பிடிக்காதேங்கோ. உள்ளே சலவைக்கல் திரையில் ஒரு பூவிதழுக்குள்ளேயே பல சாயல் கற்கள் இழைத்திருக்கும், கிட்டப்போய்ப் பார்த்தாலும் பொருத்துத் தெரியாது. சீட்டு மூன்று மணித்தியாலம் செல்லும். சூரிய உதயத்தோடு நுழைவது நல்லது, ஆனால் டிசம்பர், ஜனவரிப் புகாரில் காலையில் ஒன்றும் தெரியாது.

வழிகாட்டி கூட்டிப்போகும் மாபிள் கடைகளை முதலிலேயே வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அந்த நேரம் டில்லியில் உள்ள முகலாயப் பேரரசர் ஹுமாயூனின் சமாதிக்கு வேணும். தாஜ்மகாலுக்கு முன்னோடியான அந்தக் கட்டடத்துக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கியது பெரிய அநியாயம்.