கேப் டவுனில் கேம்பர்வேன் வாடகை: வண்டிக்கு நான்கு நட்சத்திரம், உதவி எண்ணுக்கு ஒன்று

வண்டி நல்ல வண்டி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வருவதை எல்லாம் படித்துவிட்டு ஓட்டை வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று யாரும் நினைக்கக்கூடாது. படுக்கை நல்ல அகலம், காஸ் அடுப்பு காற்றிலும் அணையவில்லை, சாம்பார் வைக்கிற அளவுக்குப் பாத்திரம் கொடுத்திருந்தார்கள், டீசல் இஞ்சின் மலையேறும்போது முனகவில்லை. டர்பனிலிருந்து என் குடும்பமும், அதே டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து மாமாவும் அத்தையும் போயிருந்தோம். கேப் டவுனில் வண்டியை எடுத்து, செரெஸ் வழியாக டாங்க்வா கரூ என்கிற வறண்ட பொட்டல் வெளியைக் கடந்து கால்வினியா, அங்கிருந்து பூக்காலத்துக்கு நியூவூட்வில் என்று திட்டம். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. திரும்பி வந்த பிறகு வேறு சிலருடைய ஒப்பந்தங்களையும் வாங்கிப் படித்துவிட்டேன், டயர் விஷயத்தில் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

செரெஸிலிருந்து கால்வினியா போகும் ஆர்355 பற்றித் தெரியாதவர்களுக்கு: சுமார் 250 கிலோமீட்டர், நடுவில் ஒரு ஊர் கிடையாது. தென்னாப்பிரிக்காவில் இரண்டு ஊர்களுக்கு நடுவே இவ்வளவு நீளமாக வெறுமையாகப் போகிற சாலை வேறு இல்லை என்பார்கள். பெரும்பகுதி கிராவல், அந்தக் கிராவலும் உருண்டைக் கல் அல்ல, ஷேல் பாறை உடைந்து கத்தி முனையாக நிற்கிற கல். டயரைக் கிழிப்பதற்கே பேர் போன சாலை. போன் சிக்னல் கிட்டத்தட்டக் கிடையாது. இதை வாடகைக்குக் கொடுப்பவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை, ஏனென்றால் நாங்கள் போகிற வழியை முன்பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்திருந்தோம், அவர்களும் ‘கிராவலில் 80க்கு மேல் போகாதீர்கள்’ என்று மட்டும் பதில் எழுதி அனுமதி தந்தார்கள். அப்படி அனுமதி தந்தவர்கள் கொடுத்ததோ நெடுஞ்சாலைக்கான டயர். ஸ்பேர் ஒன்றே ஒன்று.

மாமா பல வருடம் டர்பனுக்கும் ஜோஹன்னஸ்பர்க்குக்கும் லாரி ஓட்டியவர். வண்டியைக் கையில் வாங்கும்போதே “தம்பி, ரெண்டாவது ஸ்பேர் கேளு, காற்றடிக்கிற கம்ப்ரஸர் இருக்கான்னு கேளு” என்றார். கேட்டோம். கவுண்டரில் இருந்த பையன் சிரித்துக்கொண்டே 24 மணி நேர உதவி எண் ஒட்டிய ஸ்டிக்கரைக் காட்டினான். மாமா அந்த ஸ்டிக்கரைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

முதல் டயர் போனது பக்கவாட்டுச் சுவரில். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டயரின் அடிப்பகுதியில், அதாவது தரையைத் தொடுகிற இடத்தில், ஓட்டை விழுந்தால் பிளக் (ஓட்டையில் திணிக்கிற ரப்பர் திரி) அடித்து ஓட்டிவிடலாம், கடைகளில் கிடைக்கிற பிளக் செட் போதும். பக்கச்சுவர் கிழிந்தால் அந்த டயர் கதை முடிந்தது, எந்தப் பசையும் உதவாது. கிராவலில் காற்றைக் கொஞ்சம் இறக்கி ஓட்டினால் அடியில் குத்துவது குறையும், குலுக்கலும் குறையும், ஆனால் ரொம்ப இறக்கினால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி இந்தக் கல்லுக்கே வசதியாகக் காட்டிக்கொடுக்கும். பாத்திரம் பண்டம், தண்ணீர்த் தொட்டி, ஆறு பேர் என்று பின்னால் பாரம் ஏற்றிய வேனுக்கு எவ்வளவு இறக்கலாம் என்று கையேட்டில் ஒரு வரி இல்லை. ஷவர் எப்படிப் போடுவது என்பதற்கு மட்டும் படத்தோடு இரண்டு பக்கம்.

ஜாக்கி வேறு. சிமெண்ட் தரையில் நிற்கிற காருக்கான சின்ன ஜாக்கி, கிராவலில் வைத்தால் வண்டி ஏறுவதற்குப் பதில் ஜாக்கி இறங்குகிறது. அத்தையின் காய் நறுக்கும் பலகையை அடியில் போட்டுத்தான் தூக்கினோம். பலகை இரண்டாகப் பிளந்துவிட்டது, அதற்கான பணத்தையும் நிறுவனத்திடம் கேட்கவேண்டும் என்று அத்தை இன்றும் சொல்கிறார்.

ஸ்பேரை மாட்டிப் புறப்பட்டோம். சாலை தகரக்கூரை போல அலை அலையாக இருப்பதால் அந்த அதிர்வில் எல்லாம் கழன்றுகொண்டே வரும். ஃப்ரிட்ஜுக்கான இரண்டாவது பேட்டரியின் டெர்மினல் கழன்று, தயிரும் இட்லி மாவும் வெதுவெதுப்பாகிவிட்டன. இது ஸ்பானர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. வண்டியில் ஸ்பானர் இல்லை, மாமாவின் பையில் இருந்தது. அதன் பிறகு இன்னொரு டயர். கையில் ஸ்பேர் இல்லை.

இப்போது அந்தப் புகழ்பெற்ற உதவி எண். ஒரு மேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு சிக்னல் வந்து போனது. அழைப்பு கிடைத்தது, அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் குறை இல்லை. ஆனால் அவர் முன்னால் இருந்த படிவம் தெருப் பெயரைக் கேட்கிறது. அருகில் என்ன கடை, எந்தத் தெரு முனை என்று கேட்கிறார். செம்மறி ஆடும் வேலியும்தான் இருக்கின்றன என்றேன். ஜிபிஎஸ் எண்களை வாசித்தேன், பாதியில் சிக்னல் போனது. மறுபடி பிடித்தபோது இழுவை வண்டி மறுநாள் வரலாம், அதுவும் டயர் ‘மெக்கானிக்கல் கோளாறு’ கணக்கில் வராததால் கட்டணம் எங்களுடையது என்றார்.

எங்களைக் கரை சேர்த்தது ஹைலக்ஸ் பக்கியில் (இங்கே பிக்கப் வண்டியை அப்படித்தான் சொல்வோம்) வந்த ஒரு விவசாயி. இரண்டாவது ஓட்டை அடியில் விழுந்திருந்ததால் அவர் பிளக் அடித்து, தன் கம்ப்ரஸரில் காற்றும் பிடித்து, காசு வாங்க மறுத்துவிட்டார். அத்தை கொடுத்த புளியோதரையை மட்டும் வாங்கிக்கொண்டார். அந்தச் சாலையில் போகிறவர்கள் எல்லோருடைய வண்டியிலும் இந்தச் சாமான் இருக்கிறது, வாடகை வண்டியில்தான் இல்லை.

கால்வினியாவில் டயர் கடைக்காரருக்கு ஐந்து நட்சத்திரம். சின்ன ஊர்களில் சனிக்கிழமை மதியத்தோடு கடையைச் சாத்திவிடுவார்கள், இவர் போன் செய்ததும் திறந்து வைத்துக் காத்திருந்தார். பிளக் அடித்ததைக் கழற்றி உள்பக்கம் ஒட்டுப் போட்டு, எங்கள் அளவில் கிராவலுக்கு ஏற்ற கனமான டயர் ஒன்றை ஸ்பேராகவும் கொடுத்தார், விலையும் நியாயம்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது கிழிந்த டயருக்கும் நசுங்கிய ரிம்முக்கும் டெபாசிட்டிலிருந்து பிடித்தார்கள். ‘முழுக் காப்பீடு’ என்று கூடுதல் பணம் கட்டியிருந்தோம். அந்த முழுமையில் டயர், ரிம், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் எதுவும் சேராதாம், அதாவது கிராவலில் எது அடிபடுமோ அதெல்லாம் தவிர மற்றவை. இது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. இங்கே எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது: தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 49ஆம் பிரிவு. நிறுவனம் தன் பொறுப்பைக் குறைத்துக்கொள்கிற நிபந்தனைகளை எளிய மொழியில், கண்ணில் படும்படி, வாடிக்கையாளர் கவனத்துக்கு முன்கூட்டியே கொண்டுவரவேண்டும் என்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, வழியை முன்பே எழுதிக் கொடுத்த மின்னஞ்சலையும் சேர்த்து அனுப்பினேன். ரிம்முக்குப் பிடித்ததைத் திருப்பிவிட்டார்கள். டயருக்குப் பிடித்தது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது, கால்வினியா ரசீதையும் இணைத்து நேற்றுதான் மறுபடி எழுதினேன்.