பாராங் உறைக்கு 380 வெள்ளி கட்டி ஏமாந்தது: "உடம்புக்கு அளவெடுத்து" என்று விற்பவர்களிடம் கவனம்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மட்டை வெட்டப் போகிறவர்கள், சொந்தமாக மூணு நாலு ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்கள், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். பாராங், அதாவது தோட்டத்தில் வெட்டுகிற நீளக் கத்திக்கு, இடுப்பு உறையும் வாரும் சேர்த்து 380 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். வந்தது அட்டை. பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அட்டை. எந்த உடம்புக்கு எந்த மாதிரி உறை சரிவரும் என்பதையும் இதிலேயே முழுசாக எழுதிவிடுகிறேன். அடுத்த ஆள் மாட்டக்கூடாது.

தளத்தின் பெயரையோ விற்றவர் பெயரையோ போடவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன். வகையை மட்டும் சொல்கிறேன்: நேரலையில் சாமான் காட்டி விற்கிற வீடியோ தளம், அதில் முகாம் சாமான், வேட்டை சாமான் விற்கிற ஒரு கணக்கு. வீடியோவில் ஒல்லியான பையன் ஒருவன் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறான், கால்சட்டைக்கும் இடுப்புக்கும் நடுவில் பாராங் செருகியிருக்கிறது. சட்டையை இறக்கினால் எதுவும் தெரியவில்லை. "எந்த உடம்புக்கும் பொருந்தும், அளவு கொடுத்தால் போதும்" என்கிறார்கள்.

நம்பிக்கை வந்தது அந்த வீடியோவைப் பார்த்து அல்ல, அவர் கேட்ட கேள்விகளைக் கேட்டு. புலனத்தில் (வாட்ஸ்அப்) அழைத்து அழகாகத் தமிழில் பேசினார். இடுப்புச் சுற்றளவு வாரின் மேலே எவ்வளவு, தொப்புளுக்கு நேரே எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார். வாரிலிருந்து முழங்கால் மடிப்பு வரை எத்தனை அங்குலம், கத்தியின் வாய் (வெட்டுகிற விளிம்பு) எத்தனை அங்குலம், அகலமான இடத்தில் எத்தனை மில்லிமீட்டர். கடைசியில், "அண்ணே, வலக்கையா இடக்கையா?" இடக்கை என்றேன். "நல்ல வேளை சொன்னீங்க, வார் தைக்கிற பக்கமே மாறும்" என்றார். அது சரியான பேச்சு. தொழில் தெரிந்தவர்தான் அப்படிக் கேட்பார் என்று நினைத்து, அந்த ஒரு கேள்விக்காகவே பணம் கட்டினேன். தளத்தில் விலை 420 வெள்ளி. "அங்கே கமிஷன் பிடிக்கிறாங்க, நேரா அனுப்புங்க, 40 வெள்ளி குறைச்சுக்கலாம்" என்றார். அனுப்பினேன். கணக்கு கம்பெனி பெயரில் இல்லை, தனி ஆள் பெயரில் இருந்தது. 380 வெள்ளி போனது அங்கேதான்.

பதினாறு நாள் கழித்துப் பார்சல் வந்தது. வலக்கை உறை. கத்தியின் வாய் வருகிற பக்கம் ஒற்றைத் தையல், நடுவில் வைக்க வேண்டிய தோல்பட்டை இல்லை. மூன்றாவது நாள் கத்தியை உள்ளே தள்ளும்போது முனைக்கு மேலே நாலு அங்குலத்தில் தையல் அறுந்து, கத்தியின் வாய் வெளியே எட்டிப் பார்த்தது. தொடைக்கும் அதற்கும் நடுவில் கால்சட்டைத் துணி மட்டும்தான். மிச்சத் தையலையும் பிரித்தேன். மேலே கறுப்பு பிளாஸ்டிக் மேல்தாள், பின்பக்கம் மெல்லிய துணி, நடுவில் சாம்பல் நிற அட்டை. ஈரம் பட்டு அட்டை ஊறி, விரலால் தேய்த்தால் சோற்றுப் பருக்கை மாதிரி திரண்டு வந்தது. தோல் என்று சொல்ல அதில் நகக்கண் அளவுகூட இல்லை.

உண்மையான உறை எப்படி இருக்க வேண்டும்? மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய மாட்டுத்தோல், 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்பு. குரோமியத்தில் பதப்படுத்திய மெத்துமெத்தென்ற தோல் கைப்பைக்கு நல்லது, கத்திக்கு ஆகாது. வளைந்துகொடுக்கும், ஈரத்தோடு சேர்ந்தால் கரிமஎஃகைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். வாய்ப் பக்கம் இரண்டு தோலுக்கும் நடுவில் இன்னொரு தோல்பட்டை வைத்துத்தான் தைக்க வேண்டும். அந்தப் பட்டை இருந்தால் கத்தி பட்டையில் உரசும், நூலில் உரசாது. உறையின் திறப்பில் இரண்டு பக்கமும் ரிவிட் அடித்திருக்க வேண்டும், ஏனென்றால் இழுப்பு முழுவதும் அங்கேதான் விழுகிறது. முனையில் 5 மில்லிமீட்டர் ஓட்டை, தண்ணீர் வடிய. இதில் ஒன்றுகூட இல்லை.

சட்டைக்குள் மறைக்கிற அந்த மாதிரியே அடிப்படையில் தப்பு. அது அமெரிக்காவில் உரிமம் வைத்துக் கைத்துப்பாக்கி கொண்டுபோகிறவர்களின் உள்-இடுப்பு உறை. கைத்துப்பாக்கி மொத்தமே ஏழெட்டு அங்குலம். விசைப் பகுதியைக் கெட்டியான ஓடு முழுசாக மூடியிருக்கும். ஓட்டில் ஒரு சின்ன முட்டு வாரில் அழுந்திப் பிடியை உடம்போடு சேர்க்கும், கீழே ஒரு திண்டு குழல் முனையை வெளியே தள்ளும். தொப்பை உள்ளவர்கள் முன்பக்கம் வைத்தால் உட்காரும்போது குத்தும் என்று அவர்களே இடுப்பின் பக்கவாட்டுக்கு மாறிக்கொள்கிறார்கள். குட்டையான ஆயுதத்துக்குச் செய்த ஏற்பாடு அது. 12 அங்குல வாய் உள்ள பாராங்கை அப்படிச் செருகினால் முக்கால்வாசி தொடையோடு கிடக்கும். மோட்டாரில் உட்கார்ந்ததும் இடுப்பு மடிகிற இடத்தில் உறை நெம்பும். பிடி விலாவில் ஏறும், முனை தொடையில் அழுந்தும். அங்கே தையல் அறுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் இருக்கிறது. மலேசியாவின் 1958-ஆம் ஆண்டு அரிக்கும், வெடிக்கும் பொருட்கள், ஆபத்தான ஆயுதங்கள் சட்டப்படி, முறையான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். தோட்டத்துக்குப் போகும் வழியில், வெளியே தெரிகிற மாதிரி, உறையில் கட்டி எடுத்துப்போகிற பாராங் வேலைச் சாமான். அதையே சட்டைக்குள் மறைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால், சாலைத் தடுப்பில் என்ன பதில் சொல்வீர்கள்? மறைக்கும் உறை என்று விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது.

பிறகு நடந்த இழுத்தடிப்பு. முதல் நாள்: "தோல் புதுசு அண்ணே, பழகப் பழக அமைஞ்சிடும்." பிரித்த அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். "அது உள் பலத்துக்கு வைக்கிறது" என்றார். இடக்கை என்று சொன்னதைக் கேட்டேன். "திருப்பிப் போட்டுக்கோங்க" என்றார். வார் தைத்த முகம் மாறினால் கத்தியின் வாய் பார்க்கிற திசை மாறிவிடும், மணிக்கட்டை முறுக்கித்தான் உருவ வேண்டும். அளவெடுத்த நாளில் இதை எனக்குச் சொன்னவரே அவர்தான்! அப்புறம் "பொருளைத் திருப்பி அனுப்புங்க, பார்க்கிறேன்" என்றார், முகவரி கேட்டால் தரவில்லை. அப்புறம் முதலாளி வெளியூர். அப்புறம் படித்ததற்கு நீலக்குறி விழும், பதில் வராது. நேற்றிலிருந்து நீலக்குறியும் இல்லை. தளத்துக்கு எழுதினேன். பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் தலையிட முடியாது என்று ஒரே வரி. 380 வெள்ளிக்கு ஒரே வரி.

சரி, உடம்பு விஷயம்.

எந்த உறை வாங்குவதற்கு முன்னும், வேலைக்குப் போடுகிற கால்சட்டையும் வாரும் போட்டுக்கொண்டு மோட்டார் இருக்கையில் உட்காருங்கள். வாரின் கீழ் விளிம்பிலிருந்து இருக்கை வரை எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். மேலுடம்பு குட்டையானவர்களுக்கு அந்த இடம் ரொம்பக் கம்மி. அவர்கள் வாரோடு இறுக்கித் தைத்த உறை வாங்கினால் உட்காரும்போது இருக்கை உறையை மேலே தள்ளும், பிடி விலா எலும்பில் இடிக்கும். இவர்களுக்குத் தொங்கு வார் வேண்டும்: வாரில் ஒரு வளையம், அதிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் கீழே உறை ஊஞ்சல் மாதிரி ஆடும். உட்கார்ந்தால் பின்னால் சாயும், எழுந்தால் நேராகும். ஆனால் நடக்கும்போது ஆடி அடிக்கும், அதனால் தொடையில் ஒரு கட்டு கட்டாயம்.

தொப்பை உள்ளவர்களுக்கு வார் முன்பக்கம் இறங்கிவிடும், கூடவே உறையும் முன்னால் சாயும். முன்பக்கம் எதையும் செருகாதீர்கள். தொப்புளைப் பன்னிரண்டு மணி என்று வைத்தால், வலக்கைக்காரருக்குக் கடிகாரத்தில் நாலு மணி இருக்கிற இடம், இடுப்பெலும்புக்குச் சற்றே பின்னால். எட்டு மணி இடக்கைக்காரருக்கு. வார் நிற்கவே மாட்டேன் என்கிறதா, தோளில் குறுக்காக மாட்டுகிற பட்டை வாங்குங்கள், பாரம் தோளுக்குப் போய்விடும்.

இடுப்பு அகன்ற பெண்களுக்கு வேறு சிக்கல். தோட்டத்தில் களை வெட்டுகிற அக்காமார் பலர் கத்தியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். இடுப்பெலும்பு வெளியே தள்ளியிருப்பதால் உறையின் கீழ்ப்பகுதி வெளியே போகும், பிடி உள்ளே சாய்ந்து விலாவில் குத்தும். வாரிலிருந்து மூன்று அங்குலம் இறக்கி, இடுப்பெலும்பின் முட்டுக்குக் கீழே உறையின் திறப்பு வருகிற மாதிரி வைத்தால் குத்தாது. ஆண்களுக்கு அளவெடுத்த உறையை அப்படியே கொடுப்பது அநியாயம்.

ஒல்லியானவர்களுக்கு வார்தான் பிரச்சினை. 38 மில்லிமீட்டர் அகலத்தில் கெட்டியான வார், உறையின் வளையம் 40. வளையம் அதைவிடப் பெரிதாக இருந்தால் உறை ஆடிக்கொண்டே இருக்கும்.

கை குட்டையானவர்கள் கடையிலேயே உருவிப் பாருங்கள். முனை வெளியே வருவதற்குள் முழங்கை காதுக்கு மேலே போகிறதென்றால் ஒன்று உறையை இறக்க வேண்டும், இல்லை 10 அங்குலக் கத்திக்கு மாற வேண்டும். முனை எப்போதும் முழங்கால் மடிப்புக்கு நாலு விரல் மேலே நிற்கட்டும்.

முதுகுக்குப் பின்னால் படுக்கையாக வைக்கவே வைக்காதீர்கள். மழை பெய்த சரிவில் மல்லாக்க விழுந்தால் முதுகெலும்பு நேராகக் கத்திப் பிடியின் மேல் விழும். உருவும்போது இன்னொரு கையால் உறையின் முதுகுப் பக்கத்தை, அதாவது வாய்க்கு எதிர்ப் பக்கத்தை, மட்டும் பிடியுங்கள். விரல் வாய்ப் பக்கம் சுற்றக்கூடாது, பழைய மர உறையில் இது இன்னும் முக்கியம். பிரம்பு கட்டு தளர்ந்திருந்தால் இரண்டு பலகைக்கும் நடுவில் கத்தி வந்துவிடும்.

பணம் இல்லையென்றால் ஒன்றரை அங்குல பிவிசி குழாய் போதும். சூடுகாட்டி இளக்கி இரண்டு பலகைக்கு நடுவில் நசுக்கினால் உள்ளகலம் ஏறக்குறைய 60 மில்லிமீட்டர் வரும், 50 மில்லிமீட்டர் அகலக் கத்திக்குச் சரியாக இருக்கும். வெளியில் வைத்துச் செய்யுங்கள். புகை வந்தால் சூடு அதிகம், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. சில வெள்ளிச் செலவு. 380 வெள்ளி இல்லை.

இன்னும் நிறைய எழுத இருந்தேன், தோல் பராமரிப்பு, நூல் வகை எல்லாம். கோபத்தில் கை ஓடவில்லை. அவசரமாகச் சிலது மட்டும்:

தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள், எவ்வளவு குறைத்தாலும். கம்பெனிப் பதிவு எண்ணும் முகவரியும் கேளுங்கள், தராவிட்டால் அழைப்பை வைத்துவிடுங்கள். வாய்ப் பக்கத் தையலைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நடுப்பட்டை தெரிய வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பணம் கட்டிய கையோடு ஆளே காணாமல் போனால் உடனே தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997-க்கு அழையுங்கள், நேரம் தள்ளத் தள்ளப் பணம் கணக்கு மாறிவிடும். பொருள் மோசம் என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி.

வங்கி ரசீது, புலனப் பேச்சு, பிரித்த அட்டையின் படம், மூன்றையும் அச்செடுத்துவிட்டேன். நடுவர் மன்றத்தின் மனுப் படிவமான பாரம் 1-இல் எதிர்த்தரப்பு முகவரி கேட்கிறார்கள். பார்சல் மேல் ஒட்டியிருந்த சீட்டில் அனுப்பியவர் ஊரும் அஞ்சல் குறியீடும் பாதி கிழிந்த நிலையில் இருக்கிறது. இதே மாதிரி கறுப்பு உறை வாங்கிய யாரிடமாவது அந்தச் சீட்டு முழுசாக இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள், திங்கட்கிழமைக்குள்.