டேட் தாண்டியாச்சு, முன்னால் ஒரு சிசேரியன்: காத்திருப்பதா, வலி வரவைப்பதா, நாள் குறிப்பதா?

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். அதனால் ‘முதலாவது சிசேரியன், இரண்டாவது நார்மலா பார்க்கலாமா’ என்பது இன்றைக்குத் தெருவுக்கு நாலு வீட்டில் நடக்கும் பேச்சு. டாக்டரும் சரி என்று சொல்லி, எல்லாம் ஒழுங்காகப் போய், கொடுத்த தேதி மட்டும் வலியே இல்லாமல் கடந்துபோனால் வீடே ஆடிப்போகிறது. அந்த நேரத்தில் கையில் இருப்பது மூன்று வழி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அதற்கு முன்னால், டேட் உண்மையிலேயே தாண்டிவிட்டதா? 40 வாரம் முடிந்த மறுநாளே ஆபத்து என்று இல்லை. 42 தாண்டினால்தான் மருத்துவக் கணக்கில் நாள் கடந்த கர்ப்பம். பீரியட்ஸ் ஒழுங்கில்லாதவர்கள் கடைசி மாதவிடாயை வைத்துப் போட்ட தேதியை நம்ப வேண்டாம், முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் தேதிதான் கணக்கு. இன்னொன்று, பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். கர்ப்பப்பையில் கீழ்ப்பகுதியில் குறுக்காகப் போட்ட வெட்டு என்றால்தான் இந்தப் பேச்சே. மேலிருந்து கீழாகப் போட்டிருந்தாலோ, நஞ்சு (பிளசென்டா) கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை மூடியிருந்தாலோ சிசேரியன்தான். வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்லிவிட முடியாது.

முதல் வழி, தானாக வலி வரும்வரை காத்திருப்பது. மூன்றில் நார்மல் ஆவதற்கு அதிக வாய்ப்பு தருவது இதுதான். பொதுவாக இப்படி முயல்பவர்களில் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்கு நார்மல் ஆகிறது. ஏற்கெனவே ஒரு நார்மல் பிரசவம் ஆனவர்களுக்கு அது 85–90 வரை போகும். 40 வாரம் தாண்டினால் இந்த வாய்ப்பு கொஞ்சம் குறையும், ஆனால் நாள் தள்ளிப்போன ஒரே காரணத்துக்காக முயற்சியைக் கைவிட வேண்டியதில்லை என்பதுதான் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடும். குறை எங்கே என்றால் குழந்தை பக்கம். 41 வாரத்தில் வலி வரவைப்பதையும் 42 வரை காத்திருப்பதையும் ஒப்பிட்டு ஸ்வீடனில் ஓர் ஆய்வு நடந்தது. காத்திருந்த பக்கம் 6 குழந்தைகள் இறந்தன, மறுபக்கம் ஒன்றுகூட இல்லை என்று தெரிந்ததும் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள் (2019-ல் வெளியானது). முன்னால் சிசேரியன் ஆனவர்களை அதில் சேர்க்கவில்லை, ஆனாலும் 41-க்கு மேல் சும்மா உட்கார்ந்திருக்க அது மனசு வரவிடாது. 40-லிருந்து 41 வரை, குழந்தை அசைவைக் கவனித்துக்கொண்டு, என்.எஸ்.டி. (குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் சோதனை), பனிக்குட நீர் அளவு பார்த்துக்கொண்டு காத்திருப்பது, என் பார்வையில், நியாயமான கணக்கு.

இரண்டாவது, வலி வரவைப்பது. ‘வலி வரவைக்கிறோம்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் எதை வைத்து வரவைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சிசேரியன் ஆன 20,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை வைத்து 2001-ல் வந்த ஆய்வைப் பாருங்கள். பழைய தையல் இருக்கும் இடத்தில் கர்ப்பப்பை கிழிந்தது, வலியே வராமல் மறுபடி சிசேரியன் செய்தவர்களில் ஆயிரத்துக்கு 1.6 பேருக்கு. தானாக வலி வந்தவர்களில் 5.2. கர்ப்பப்பை வாயை மெத்தென்று ஆக்க வைக்கும் ஜெல், மாத்திரை வகை மருந்தான ப்ராஸ்டாகிளாண்டின் இல்லாமல் வலி வரவைத்தவர்களில் 7.7. அந்த மருந்தோடு வரவைத்தவர்களில் 24.5! எண்கள் ஆய்வுக்கு ஆய்வு மாறும், ஆனால் இதற்குப் பிறகு பல டாக்டர்கள் பழைய தையல் உள்ளவர்களுக்கு ஜெல் என்றாலே யோசிக்க ஆரம்பித்தார்கள். அதே வகையைச் சேர்ந்த மிசோப்ரோஸ்டால் மாத்திரை கடைசி மாதங்களில் இவர்களுக்குக் கூடவே கூடாது.

மிச்சம் இருப்பது கையால் செய்யும் உள் ஸ்வீப் (விரலால் பனிக்குடச் சவ்வை மெல்ல விலக்கிவிடுவது), கர்ப்பப்பை வாய்க்குள் வைக்கும் ஃபோலி பலூன், அப்புறம் பனிக்குடம் உடைத்து அளவாக ஏற்றும், வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் ட்ரிப். பலூன் மருந்தில்லாமல் வாயை மெதுவாகத் திறக்க வைப்பது, அதனால் இந்த வழியில் போவதென்றால் நான் முதலில் கேட்பது அதைத்தான். ட்ரிப்பும் அப்பாவி இல்லை. வலி வரவைப்பதாலும் கூட்டுவதாலும் கிழியும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு ஏறும் என்று பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டி சொல்கிறது, சிசேரியனில் முடியும் வாய்ப்பும் ஒன்றரை மடங்கு. கர்ப்பப்பை வாய் மெத்தென்று ஆகி ஒரு விரல் திறந்திருந்தால் இது நல்ல வழி, கல்லு மாதிரி மூடியிருந்தால் நீண்ட இழுபறி. வீட்டில் விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்வார்கள், வேண்டாம்.

மூன்றாவது, நாள் குறித்து சிசேரியன். தையல் கிழியும் பயம் ஏறக்குறைய இல்லை, நல்ல நேரமும் பார்த்துக்கொள்ளலாம் (மாமியாருக்கு நிம்மதி). விலை பின்னால் வரும். ஒவ்வொரு சிசேரியனுக்கும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். இரண்டோடு நிறுத்துபவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை, மூன்றாவது வேண்டும் என்பவர்களுக்கு ரொம்பப் பெரிய விஷயம்.

மூன்றிலும் மோசமானது எது தெரியுமா? பல மணி நேரம் வலி எடுத்து, கடைசியில் அவசர சிசேரியன். தாய்க்கு வரும் சிக்கல்கள் அதிகம் குவிவது அங்கேதான். அதனால் முன்னால் நார்மலே ஆகாதவர், 41 வாரம், வாய் திறக்கவில்லை, குழந்தையும் பெரிது, தலையும் இறங்கவில்லை என்றால் பிடிவாதம் பிடிக்காமல் மூன்றாவதை எடுப்பதில் எந்தத் தோல்வியும் இல்லை. அதே 41 வாரத்தில் வாய் திறக்க ஆரம்பித்திருந்தால், முன்னால் ஒரு நார்மல் ஆகியிருந்தால், டேட் தாண்டியதை மட்டும் காட்டி யாராவது ஆபரேஷனுக்கு அவசரப்படுத்தினால் ‘ஏன்’ என்று கேளுங்கள். ‘தையல் மெலிசா இருக்கு’ என்று ஸ்கேனைக் காட்டினாலும் கேளுங்கள், இத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஆபத்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு எதுவும் கிடையாது.

முதல் இரண்டு வழிக்கும் ஆஸ்பத்திரி முக்கியம். ராத்திரி இரண்டு மணிக்கும் மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், ரத்தம் தயாராக இருக்கிறதா, வலி நேரம் முழுக்க குழந்தையின் இதயத்துடிப்பை விடாமல் பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் தையல் விடும்போது பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அந்தத் துடிப்புதான். அரசு சீமாங் (CEmONC, அவசர மகப்பேறு, பச்சிளம் குழந்தை சிகிச்சை) மையங்கள் 24 மணி நேர அவசர சிசேரியனுக்காகவே இருப்பவை. வலி ஆரம்பித்ததும் சூட்டு வலியா நிஜ வலியா என்று சீரகக் கஷாயம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். ரத்தம் பட்டாலோ, தண்ணீர் உடைந்தாலோ, அசைவு குறைந்தாலோ, வலி விட்டு விட்டு வராமல் தழும்பு இருக்கும் இடத்தில் விடாமல் குத்தினாலோ வலிக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.