கீழமாசி வீதியில் மளிகை வாங்கிய கதை

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் எடிசன் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மளிகைக்குப் பஞ்சமே கிடையாது. ஓக் ட்ரீ ரோட்டில் இறங்கினால் துவரம் பருப்பு முதல் அப்பளக் கட்டு வரை எல்லாம் கிடைக்கும். அப்படியிருந்தும் மதுரைக்குப் போகும்போதெல்லாம் திரும்பி வரும் பெட்டியில் பாதியை மளிகைக்கென்று ஒதுக்கிவிடுவேன். "அங்கேயும் மிளகாய் வத்தல்தானே விக்கிறான்" என்பார் வீட்டுக்காரர். வத்தல்தான். ஆனால் அது எந்த ஊர் வத்தல், எந்தச் சமையலுக்கு எடுக்கும் என்று கேட்டால் சொல்ல அங்கே ஆள் இல்லை. பாக்கெட்டைத் திருப்பிப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் போகும் கடை கீழமாசி வீதியில் இருக்கிறது. சித்திரைத் தேர் சுற்றி வரும் நான்கு மாசி வீதிகளில் கிழக்குப் பக்கத்து வீதி அது. மொத்த வியாபாரம் நடக்கும் இடம் என்பதால் காலையில் போனால் மூட்டை இறக்கும் வண்டிகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்க வேண்டும். கடையின் பெயரை நான் இங்கே போடவில்லை. அந்த வீதியில் இதே மாதிரி கடைகள் நிறைய உண்டு, விசாரித்துப் போனால் உங்களுக்கும் ஒரு அண்ணாச்சி கிடைப்பார்.

ஒரு பக்கம் வாய் சுருட்டி வைத்த சாக்குகள், மறு பக்கம் நாட்டு மருந்து டப்பாக்கள், நடுவில் கல்லா. உள்ளே போய் நாமே பொறுக்கி எடுக்க முடியாது. சீட்டை நீட்ட வேண்டும். அண்ணாச்சி மேலிருந்து கீழே ஒரு முறை படிப்பார், அப்புறம் ஒவ்வொன்றாகக் கேள்வி வரும். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இது எதுக்கும்மா?"

"மிளகாய் எதுக்கு?"

"சாம்பார்ப் பொடிக்கும் தாளிக்கவும், அண்ணாச்சி."

"அப்ப பொடிக்கு நீட்டு மிளகாய் போடுறேன். தாளிக்க முண்டு தனியா கட்டுறேன். ரெண்டையும் ஒண்ணாக் கலந்துராதீக."

முண்டு என்பது ராமநாதபுரம் மாவட்டத்து மிளகாய். குண்டாக, தடித்த தோலோடு இருக்கும். குண்டு மிளகாய் என்றும் சொல்வோம். பெரும்பாலும் மானாவாரியாக, மழையை நம்பி விளைவது. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காய்ந்த எண்ணெயில் போட்டதும் உப்பி நிற்கும், வீடு முழுக்க வாசம் பரவும், ஆனால் நாக்கைச் சுடாது. எடிசனில் இதை நான் பார்த்ததே இல்லை. அங்கே கிடைப்பதெல்லாம் குண்டூர் நீட்டும் பியாட்கி சுருக்கமும்தான். இந்த ஒரு பொருளுக்காகவே மதுரையில் கடை தேடலாம் என்பேன்.

பெருங்காயத்துக்கும் இதே விசாரணை நடந்தது. ரசத்துக்கு என்றதும் தூள் டப்பாவைக் காட்டவே இல்லை. கட்டியை எடுத்தார். தூளில் மைதாவோ வேறு மாவோ, கருவேலம் பிசினோ சேர்ந்திருக்கும். கட்டியிலும் கலப்பு உண்டு என்றாலும் வீரியம் அதிகம். கலப்பில்லாத பால் பெருங்காயம் சின்ன டப்பாவில் தனியாக இருந்தது. மோந்து பார்க்கக் கொடுத்தார். அன்று முழுக்க விரலில் அந்த வாசம்தான். நம் சமையலில் இவ்வளவு ஊறிப்போன இந்தச் சரக்கு ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் பக்கமிருந்துதான் வருகிறது. இந்தியாவில் பயிர் செய்து பார்க்கலாம் என்று இமாச்சலத்தின் லாஹுல் பள்ளத்தாக்கில் முதல் நாற்றை நட்டதே 2020 அக்டோபரில்தான். நமக்கு அது ரசம் தாளிப்பில் என்றைக்கும் இருந்தது போலத் தோன்றுகிறது.

கருப்பட்டியைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும். ஊருக்கு வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான் என்று அண்ணாச்சியே சொன்னார். பதநீர் இறங்குவது வருடத்தில் சில மாதங்கள்தான், மாசி பங்குனியில் தொடங்கி ஆடி வரை என்று வைத்துக்கொள்ளலாம். பனையேற ஆளும் குறைந்துவிட்டது. ஆனால் பேருந்து நிலையம் முதல் நெடுஞ்சாலை ஓட்டல் வரை எல்லா இடத்திலும் வருடம் முழுக்கக் கருப்பட்டி மலை மாதிரி குவிந்திருக்கிறது. கணக்கு எங்கே இடிக்கிறது என்று புரிகிறதா? சீனியைக் காய்ச்சிக் கலப்பதுதான் வழி. அவர் ஒன்றை உடைத்துக் காட்டினார். உள்ளே மங்கலான பழுப்பு, விரலால் அழுத்தினால் லேசாக உதிர்ந்தது. சீனி கலந்தது கல் மாதிரி இருக்கும், உடைத்த இடம் பளபளக்கும், வாயில் போட்டால் இனிப்பு மட்டும் நிற்கும் என்றார். நல்ல கருப்பட்டியில் இனிப்புக்குப் பின்னால் ஒரு சன்னமான உப்புக்கரிப்பு வரும். அவரிடம் இருந்தது உடன்குடிச் சரக்கு, சிரட்டையில் ஊற்றி வார்த்தது. அடியில் சிரட்டையின் வளைவு அப்படியே இருந்தது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விலை வெளியில் விற்பதைவிடக் கணிசமாகக் கூடுதல். பேரம் பேச முயன்றேன், சிரித்துவிட்டுச் சுக்குக் கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கையில் வைத்தார். விலை இறங்கவில்லை.

புளியில் அவர் கேட்டது புதுசா பழசா என்று. நான் போனது பங்குனியில், புதுப் புளி வந்திருந்தது, நல்ல செம்பழுப்பு நிறம். கொட்டையும் நாரும் எடுத்ததையே வாங்கினேன். கொட்டைக்கும் சேர்த்து எடைக்கூலி கட்டி அமெரிக்கா வரை தூக்கிப் போவானேன்.

வத்தல் வகைகளில் சுண்டைக்காய், மணத்தக்காளி இரண்டும் எங்கேயும் கிடைக்கும். மிதுக்க வத்தல் கிடைப்பதுதான் அபூர்வம். கசப்பு பிடிக்கிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன், நல்லெண்ணெயில் பொரித்துத் தயிர்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால் வேறு எதுவும் வேண்டாம். மராட்டி மொக்கு, கல்பாசி, சுருள் பட்டை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வாங்கினேன். கல்பாசியைக் கிலோக் கணக்கில் கேட்ட ஒருவரை அண்ணாச்சி ஏற இறங்கப் பார்த்ததையும் பார்த்தேன். ஓட்டல்காரராம், சரிதான்.

மருந்துப் பக்கம் வந்தால் கண்டந்திப்பிலி, அரிசித் திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், வால்மிளகு என்று என் அம்மாவின் சீட்டு தனி. கண்டந்திப்பிலி ரசத்துக்கு, மற்றதெல்லாம் சளிக்கு. அம்மாவின் கையெழுத்தை நான் படிக்கத் திணறியபோது அண்ணாச்சி பார்த்ததும் படித்துவிட்டார். இந்தப் பக்கம் இன்னமும் பொட்டலம்தான். செய்தித்தாள் இல்லை, பழுப்புக் காகிதம். ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் பெயர் எழுதித் தருவார். அது பெரிய உதவி. பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரிக்கு இல்லாவிட்டாலும் எனக்கு.

கவருக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் இருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். இந்தக் கடையில் பை கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் மஞ்சப்பைக்குக் காசு.

அரிசிச் சாக்குகளைத் தாண்டி வருவதுதான் கஷ்டமாக இருந்தது. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி எல்லாம் இப்போது சாதாரண மளிகைக் கடையிலேயே கிடைக்கின்றன. நான் படித்த காலத்தில் இந்தப் பெயர்களைத் தாத்தா வாயில்தான் கேட்டிருக்கிறேன். 170க்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகளைத் தேடி மீட்டு, நெல் திருவிழா நடத்தி விவசாயிகளுக்கு விதை கொடுத்த நெல் ஜெயராமனுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அவர் 2018இல் காலமானார். ஆனால் அரிசியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக முடியாது. தானியத்தைத் தின்னும் காப்ரா வண்டு உள்ள நாடுகளிலிருந்து பயணிகள் பெட்டியில் அரிசி கொண்டுவர 2011இல் தடை போட்டுவிட்டார்கள், அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருக்கிறது. அதனால் அரிசியை வாங்கி ஊரிலேயே பொங்கித் தின்றுவிட்டு வந்தேன். கவுனி அரிசியை முதல் நாள் இரவே ஊறவைக்கச் சொன்னார் அண்ணாச்சி. ஊறாமல் வேகாது.

வாங்குவதோடு வேலை முடிவதில்லை. மிளகாயையும் மல்லியையும் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி விரித்துக் காயவைத்தோம். பருப்புகளையும் மிளகு, சீரகம், வெந்தயத்தையும் வறுத்து, விரலி மஞ்சளை உடைத்துப் போட்டு மில்லுக்குக் கொண்டுபோனோம். மில் என்பது எங்கள் தெருக்கோடியில் இருக்கும் மாவு மில்தான். அங்கே போனதும் முதலில் கேட்க வேண்டியது, முன்னால் என்ன அரைத்தார்கள் என்பதுதான். கோதுமையோ ராகியோ அரைத்த எந்திரத்தில் நம் பொடியைப் போட்டால் முதல் ரெண்டு கை மாவாகத்தான் வரும். எங்களுக்கு முன்னால் ஒரு அக்கா மிளகாய் அரைத்திருந்தார், நல்லதாகப் போயிற்று. நமக்குப் பின்னால் அரிசி மாவுக்குக் காத்திருந்தவருக்குத்தான் சங்கடம். ஒரு கை அரிசியை ஓட்டி எந்திரத்தைச் சுத்தம் செய்த பிறகுதான் அவர் தூக்கைக் கொடுத்தார். அரைத்த பொடி சூடாக இருக்கும். அப்படியே டப்பாவில் அடைத்தால் வேர்த்துக் கட்டி பிடித்துவிடும். தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டுத்தான் கட்ட வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து ஒரு நாள் ஒதுக்குங்கள். விமானம் ஏறும் நாளுக்கு முந்தின நாள் மில்லுக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். வேண்டாம்.

பணம் கொடுப்பதுதான் இந்தப் பயணத்தில் தலைவலி. கடையில் கார்டு கிடையாது, ரொக்கம் அல்லது யூபிஐ. 2023இல் இருந்து அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளின் செல்பேசி எண்ணையே, வெளிநாடுவாழ் இந்தியர்கள் இங்கே வைத்திருக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு சேர்த்து யூபிஐ வைத்துக்கொள்ளலாம் என்று வழி திறந்திருக்கிறார்கள். எல்லா வங்கியும் அதைச் செய்து தருவதில்லை. என் வங்கிக்கிளையில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள், கடைசியில் ஒரு படிவம் கொடுத்தார்கள், அது என்ன ஆனதென்று யாருக்கும் தெரியாது. தம்பியின் போனில் ஸ்கேன் செய்துவிட்டு அவனுக்கு ரொக்கம் கொடுத்தேன். மளிகைச் செயலி ஒன்றையும் முயன்றேன். இந்திய எண் இல்லாமல் உள்ளேயே விடவில்லை. கீழமாசி வீதியில் யாரும் ஓடிபி கேட்பதில்லை.

நாலு தெரு தள்ளி ஏசி போட்ட பல்பொருள் அங்காடி ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். சுத்தம், விலைச்சீட்டு, தள்ளுவண்டி எல்லாம் உண்டு. பாக்கெட் மசாலாவும் ஊறுகாயும் வாங்க அது போதும். ஆனால் எடிசனிலேயே கிடைக்கிற அதே பாக்கெட்டை மதுரையிலிருந்து சுமந்து போவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. பெட்டிக்கு 23 கிலோதான் கணக்கு. பருப்பு, ரவை, பிராண்டுப் பொடிகள் எதையும் நான் தொடுவதில்லை.

மரச்செக்கு நல்லெண்ணெய் மட்டும் விதிவிலக்கு. எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டியது. அண்ணாச்சி கடைப் பையன் போத்தலின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு உறையில் போட்டு, நடுவில் பழைய துண்டு சுற்றச் சொன்னான். வெளிநாட்டுக்குப் போகும் எண்ணெய் என்றால் அவர்களுக்கு அது பழக்கமான வேலையாகிவிட்டது. கொப்பரை கேட்டபோது அவனே தடுத்துவிட்டான். விமானத்தில் கொப்பரை ஏற்ற மாட்டார்கள், அதிலுள்ள எண்ணெய்ப் பசையால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று கணக்கு. மிளகாய்த்தூளைக் கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் அமெரிக்காவுக்குக் கூடாது, எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் தொற்றி வரும் என்பதால். மற்றதையெல்லாம் மறைக்காமல் உணவு இருக்கிறது என்று சொல்லிவிடுவதே நல்லது. நெவார்க் விமான நிலையத்தில் என்னிடம் கேட்டது அரிசி, விதை, இறைச்சி, பழம் உண்டா என்றுதான். இல்லை, மசாலாவும் வெல்லமும் என்றேன். பெருங்காய வாசத்துக்கு அதிகாரி மூக்கைச் சுளித்தாரே தவிரப் பெட்டியைத் திறக்கவில்லை.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம். மாதத்தின் முதல் வாரத்தில் போகாதீர்கள், சம்பளம் வாங்கிய கூட்டம் நெரியும், அண்ணாச்சிக்கு எதுக்கு என்று கேட்கவே நேரமிருக்காது. பொங்கல், தீபாவளிக்கு முந்தின வாரமும் அப்படித்தான். சாதாரண வாரநாளில் மதியம் மூன்று, நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள். சீட்டில் எதற்கு என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு போனால் வேலை இன்னும் சீக்கிரம் முடியும். "வத்தக்குழம்புக்குப் புளி" என்று எழுதியிருந்தால் அவர் எடுக்கும் சாக்கே வேறு.