அக்காவின் துவைக்கும் கல்லும் என் வீட்டுக் கேமராவும்

கோயம்புத்தூரிலிருந்து சித்தி மகன் தொலைபேசியில் கேட்டான்: "அண்ணா, உங்கள் வீட்டில் இருக்கிற அதே கேமராவை நானும் வாங்கட்டுமா?" போன மாதம் கேட்டிருந்தால், யோசிக்காமல் வாங்கு என்றிருப்பேன். கேமராவின் பதிவுப் பெட்டியை நான் பழுது பார்க்கவைத்த கையோடு கேட்டுவிட்டான்.

மூன்று ஆண்டுகளாக ஓடுகிறது. 2 மெகாபிக்சல் கேமரா நான்கு, ஒரு பதிவுப் பெட்டி, அதற்குள் 1 டிபி ஹார்டு டிஸ்க். சுமார் 11 நாள் பதிவு நிற்கும். பிறகு பழையதை அழித்துக்கொண்டு புதியது ஏறும். இரவுப் படத்திலும் குறையில்லை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலும் மழையும் தின்னும் கேமராகூட ஒருநாள் தகராறு செய்ததில்லை.

இணையத்தோடு இதை நான் இணைக்கவே இல்லை. வீட்டுப் படம் வீட்டுக்குள் கிடக்கட்டும் என்று வாங்கும்போதே முடிவு செய்தது. பிறகு வந்த செய்திகள் அதை உறுதிப்படுத்தின. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வைஸ் நிறுவனக் கேமரா வைத்திருந்தவர்களில் ஏறக்குறைய 13,000 பேருக்கு அடுத்தவர் கேமராவின் படங்கள் தெரிந்தன. மறு ஆண்டு, ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வந்ததைப் படித்தபோது வயிறு எரிந்தது.

நான் எதிர்பாராமல் மகிழ்ந்தது ஒரு கறுப்புக் கட்டத்தில். பின்பக்கக் கேமராவின் ஓரத்தில் பக்கத்து வீட்டு அக்காவின் துவைக்கும் கல் விழுந்தது. கேமராவை எவ்வளவு திருப்பினாலும் கல் போனால் என் கிணற்றடியும் போய்விடும். மெனுவில் 'பிரைவசி மாஸ்க்' என்று ஒன்று இருந்தது. படத்தில் வேண்டாத இடத்தின் மேல் மவுஸால் கட்டம் வரைந்தால் அந்த இடம் கறுப்பாகவே பதிவாகும். பிறகு நானே நினைத்தாலும் அந்தப் பதிவில் அடியில் இருப்பதைப் பார்க்க முடியாது. அக்காவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, திரையில் விரலை வைத்தார். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுங்கள் தம்பி, பாத்திரம் கழுவ நான் இங்கேதான் உட்காருவேன்." இழுத்தேன். "இப்போது சரி" என்றார். ஒலிவாங்கியையும் அவர் எதிரிலேயே அணைத்தேன். மூன்று ஆண்டுகள் அவருக்கும் எனக்கும் இதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

தொல்லை கடிகாரத்தில். இணையம் இல்லாததால் நேரத்தை நான்தான் சரிசெய்ய வேண்டும். மாதத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் பிந்தும். முதல் தேதியன்று கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருத்துவேன். அது பரவாயில்லை. இந்த மாதம் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஒரு மின்வெட்டுக்குப் பிறகு எங்கள் வாசல் கதவை யாரோ வண்டியால் இடித்து வளைத்துவிட்டுப் போக, அன்றைய தேதியில் தேடினால் ஒன்றுமே இல்லை. ஒரு மணி நேரம் தேடி, கடைசியில் 1-1-2000 என்ற தேதியின் கீழ் கண்டுபிடித்தேன். சுவர்க்கடிகாரத்துக்குக்கூட நானே பேட்டரி மாற்றுகிறேன். இந்தப் பெட்டியில் அதைப் பலகையோடு வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். அற்பப் பேட்டரிக்காக ஆள் வர வேண்டியிருந்தது.

வந்தவர் நல்ல வேலைக்காரர், அரை மணியில் மாற்றிவிட்டார். நான் தேநீர் எடுத்துவர உள்ளே போன நேரத்தில், பெட்டியையும் கேமராக்களையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய், எல்லா வாடிக்கையாளருக்கும் வைக்கும் அதே பாஸ்வேர்டை வைத்து, என் ரவுட்டரில் கேபிளைச் செருகி, அடியில் இருந்த கியூஆர் குறியைத் தன் போனில் பதிந்துவிட்டார். "நேரம் தானாகச் சரியாகிவிடும் சார். பிரச்சினை என்றால் நான் கடையிலிருந்தே பார்த்துவிடுவேன்." அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனாலும், கடையிலிருந்தே என் வீட்டைப் பார்ப்பேன் என்பதை ஒருவர் உதவியாகச் சொல்கிற அளவுக்கு இந்தத் தொழில் போய்விட்டது. முதலில் பதிந்தவர் பெயரிலேயே பெட்டி நிற்கும் என்பதால், அவர் கையாலேயே நீக்கவைத்துத்தான் அனுப்பினேன்.

இரவு திரையைப் போட்டபோதுதான் தெரிந்தது, கறுப்புக் கட்டம் இல்லை. துவைக்கும் கல்லும் அதன்மேல் சோப்புப் பெட்டியும் பளிச்சென்று தெரிந்தன. மதியத்திலிருந்து எல்லாம் பதிவாகியிருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் அழிக்க இந்தப் பெட்டியில் வழியே கிடையாது. மொத்த டிஸ்க்கையும் அழித்தேன். கதவை இடித்த வண்டியின் காட்சியும் சேர்ந்து போயிற்று. மறுபடி கட்டம் போட்டு, ஒலிவாங்கியை அணைத்து, மறுநாள் காலை அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வந்து பார்த்தார், பழையபடி விரல் வைத்து அளந்தார்.

அதனால் தம்பிக்கு என் பதில்: இதை வாங்காதே. மூன்று ஆண்டு ஒழுங்காக உழைத்ததை நான் மறைக்கவில்லை, என் கோபம் அதைவிடப் பெரிது. வேறு எதை வாங்கினாலும், 2025 ஏப்ரல் முதல் கட்டாயமான எஸ்டிகியூசி சான்று, அதாவது மத்திய அரசின் தரச் சோதனைச் சான்று, இருக்கிறதா என்று பார். பாஸ்வேர்டை நீ வை, மாட்டுகிறவர் போனில் எதையும் பதிய விடாதே. சித்தி படுக்கிற கூடத்தில் ஒன்று மாட்ட வேண்டும் என்றாயே, அதைச் சித்தியிடம் கேட்டாயா?