வீட்டில் கோல்ட் ப்ரூ: பொடி சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது

கோடை வந்தால் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் ஒரு கோல்ட் ப்ரூ பாட்டிலும் ஏறிவிடும். காபிப் பொடியைப் பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து வடிகட்டும் காபிதான் கோல்ட் ப்ரூ. சில வருடங்களாகவே இப்படித்தான்.

டிகாஷனுக்கு வாங்கும் சிக்கரி கலந்த பொடி இதற்குச் சரிப்படாது. சிக்கரி பச்சைத் தண்ணீரிலேயே கரைந்துவிடும். ராத்திரி முழுக்க ஊறினால் கறுப்பும் கசப்பும்தான் தூக்கலாக இருக்கும். பொடியும் நைஸ் என்பதால் வடிகட்டுவதற்குள் பொறுமை போய்விடும். காபிக்கொட்டை அரைத்துத் தரும் கடையில், "சிக்கரி வேண்டாம், பிளான்டேஷன் ஏ மட்டும், ரவை மாதிரி கொரகொரன்னு" என்று கேட்டு வாங்குகிறேன். பிளான்டேஷன் ஏ என்பது அரபிகா கொட்டையில் ஒரு தரம். "ஃபில்டருக்கு இல்லையா சார்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். பழத்துக்கு ஒற்றைக் கொட்டையாக விளையும் பீபெரியும் நன்றாக இருக்கும். கசப்பு கூடின ரொபஸ்டா ரகம் கலந்தால் எனக்குப் பிடிக்கவில்லை.

100 கிராம் பொடிக்கு அரை லிட்டர் தண்ணீர். ஊற்றியதும் பொடி மொத்தமும் மேலே வந்து மிதக்கும், அடியில் தண்ணீர் தெளிவாகவே நிற்கும். கரண்டிக் காம்பால் கிளறி, கொஞ்சம் விட்டு மறுபடி கிளறினால்தான் எல்லாம் நனையும். ஃபிரிட்ஜில் ஊறும்போது மூடி இறுக்கமாக இருக்கட்டும், இல்லையென்றால் மாவின் புளிப்பு வாசனை ஏறிவிடும். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டால் மறுநாள் காலை பத்துக்கு எடுக்கலாம். முதலில் டீ வடிகட்டி, அப்புறம் நனைத்த மல் துணி. துணியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் வண்டல் இறங்கிவிடும். வலை வைத்த தனி ஜாடியும் வாங்கிப் பார்த்தேன். வேலை சுலபம்தான், ஆனால் அடியில் தூள் தங்குகிறது, வலையைக் கழுவுவது தனி வேலை. துணியே போதும்.

இதில் என் பெரிய குறை செலவு. பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அரை லிட்டர் ஊற்றினால் கைக்கு வருவது 300 மில்லிதான். சம அளவு தண்ணீர் கலந்தால் நாலு கிளாஸ். அதே பொடியில் ஃபில்டர் காபி என்றால் வீடே இரண்டு வேளை குடிக்கும்.

ருசியில் குறை சொல்ல முடியாது. கசப்பு கம்மி, புளிப்பு லேசு, சர்க்கரையே தேவைப்படாது. வேண்டும் என்பவர்கள் பாகாகக் காய்ச்சி ஊற்றுவது நல்லது, சில்லென்ற காபியில் சர்க்கரை லேசில் கரையாது. பால் சேர்த்தால் எனக்குச் சப்பென்று இருக்கிறது. இளநீரில் கலந்து பாருங்கள், அதற்காகவே போடலாம். அப்பா மட்டும் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, காபி எப்போ?" என்றார்.

ஒரு வாரம் வரை வைக்கலாம் என்பார்கள். எங்கள் வீட்டில் நாலைந்து நாளிலேயே வாசனை மங்கிவிடுகிறது. வயிற்றுக்கு இதமானது என்று நம்பி வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம், இதுவும் அமிலம் உள்ள காபிதான். கசக்காததால் மளமளவென்று உள்ளே போய்விடும், காஃபினும் கூடவே. சாயங்காலத்துக்கு மேல் நான் அந்தப் பாட்டிலைத் தொடுவதில்லை.